மேலாளர் அறையில் ஒரு சக்கராசனம்

பெயிண்ட் கம்பெனியில் அவனுக்குச் சம்மட்டி என்று பெயர். வாலிபால் அணிக்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவன். வலைக்கு மேல் எழும்பி அவன் ஒன்று போட்டால், எதிரணிக்காரர்களுக்குப் பந்தை எடுப்பதைவிட மூஞ்சியைக் காப்பாற்றிக்கொள்வதுதான் முக்கியமாகிவிடும். பதினோரு வருஷம் அப்படி ஓடியது. ஒரு அரையிறுதியில் எழும்பினான். இறங்கும்போது இடுப்புக்கு மேலே ஏதோ சொடுக்கியது. அணி ஜெயித்தது. அவனை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

கம்பெனி அவனை வாசலில் உட்காரவைத்தது. வருகிற லாரியின் எண்ணை எழுதுகிற வேலை. நாற்காலி உண்டு, மின்விசிறி உண்டு, எதிரிலேயே மைதானமும் உண்டு. பசிக்கிறவனை இலைக்கு எதிரே உட்காரவைத்துப் பரிமாறாமல் விட்ட மாதிரி.

மனைவிதான் மருந்துக்கடை மாடியில் நடந்த யோகா வகுப்புக்கு இழுத்துப் போனாள். முதல் நாள் குப்புறப் படுத்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்துப் பாய்களிலிருந்த மூன்று ஆன்ட்டிகள் சேர்ந்து பீரோவை நிமிர்த்துவது போல் நிமிர்த்தினார்கள்.

"தம்பி, இங்க பாயின்ட்டு கிடையாது," என்றார் டீச்சர். "மூச்சு முன்னாடி போகட்டும், முதுகு பின்னாடி வரும்."

பத்து மாதம் ஆயிற்று, முதுகு வந்து சேர. ஒரு நாள் காலை குனிந்து செருப்பு வாரைத் தானே மாட்டிக்கொண்டு, அப்படியே உட்கார்ந்து அழுதான். மனைவி கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"டீமுக்கு மறுபடி கேக்கப் போறேன்," என்றான்.

"கேளுங்க. ஆனா இருக்கிற வித்தையெல்லாம் காட்டிட்டு வராதீங்க."

காட்டினான். மேலாளர் நம்பாத மாதிரி பார்த்ததும் ரோஷம் வந்துவிட்டது. கால் விரலைத் தொட்டான். அது போதாதென்று தரையில் மல்லாந்து, கையையும் காலையும் ஊன்றி, வில்லாய் எழும்பி நின்றான். தலைகீழாகத் தெரிந்த மேலாளரின் பளபளத்த ஷூவைப் பார்த்து, "இப்ப என்ன சொல்றீங்க சார்?" என்றான்.

"பிரமாதம்ப்பா!" மேலாளர் அவன் கோப்பில் ஏதோ எழுதினார். "ஆனா டீம்ல இடமில்லையே. உன் இடத்துக்கு ஆள் போட்டு ஆறு மாசமாச்சு."

சம்மட்டி எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். "சரி சார். கேட்லயே இருந்துக்கறேன்."

"அது முடியாதவங்களுக்குக் குடுக்கிற வேலை. நீதான் குத்துக்கல்லாட்டம் இருக்கியே! லோடிங்ல ஆள் பத்தல. நாளையிலேர்ந்து போயிடு."

மறுநாளிலிருந்து இருபது லிட்டர் டின்கள். லாரிக்கு நானூறு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மூச்சை இழுத்தான். நாற்பதாவது டின்னுக்கு மேல் மூச்சே அவனை இழுத்தது. மாலைக்குள் பழைய இடத்தில் பழைய வலி, ஊருக்குப் போய்வந்த சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"நான் என்ன சொல்லி அனுப்பிச்சேன்?" என்றாள் மனைவி, தைலத்தைத் தேய்த்துக்கொண்டே. அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நான்காம் நாள் மைதானத்திலிருந்து பந்து ஒன்று வேலியைத் தாண்டி வந்தது. அவன் யோசிக்கவில்லை. கையிலிருந்த டின்னைப் போட்டுவிட்டு எழும்பினான். பந்து வேலிக்கு மேலே சீறிப் போய், அந்தப் பக்கம் எவனோ "ஐயோ!" என்றான்.

இறங்கியவன் லாரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்துவிட்டது. அவன் எழும்பியதைப் பார்த்தது லாரி டிரைவர் ஒருவர்தான்.

"முதுகு ஜோராத்தான் இருக்கு உங்களுக்கு," என்றார் அவர். "அந்தக் கடைசி வரிசையையும் சட்டுனு ஏத்திடுங்க."