பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு குரல்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை அம்பத்தூரில் ஒரு கொலை நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. காரணம்... கொலைகாரனுக்கு வந்த சந்தேகம்!

பயப்படாதீர்கள். எங்கள் தொழிலாளர் மன்ற ஆண்டு விழாவில் பழைய இத்தாலி ஆப்பரா ஒன்றைத் தமிழில் போட்டோம். பாட்டெழுதியவன் அடியேன். ஆப்பராவில் வசனமே கிடையாது. கோபம் வந்தாலும் பாடித்தான் தீர்க்க வேண்டும். மனைவி மேல் சந்தேகப்படும் கணவன் கடைசிக் காட்சியில் அவளைக் குத்திவிடுவான். அவள் பாடிக்கொண்டே சாவாள்.

கதாநாயகி வசந்தா. பக்கத்துப் பாடியில் ஒரு பட்டறையில் லேத் மெஷின் ஓட்டும் குமரேசனின் மனைவி. கல்யாணத்துக்கு முன்பு மெல்லிசை மேடைகளில் பாடியவர், அப்புறம் சமையலறையோடு சரி. "இந்த ஒரு தபா பாட வுட்டா போதும்ணா" என்று என்னிடம் கெஞ்சாத குறை.

குமரேசனிடம் கேட்டேன். ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்.

"புருசன் வேசம் நான்தான் கட்டுவேன் அண்ணாத்தே. வேற எவனும் அவ கையப் புடிக்கக் கூடாது."

"உனக்குப் பாட்டு வராதேப்பா?"

"அதெல்லாம் நீ பாத்துக்க."

பார்த்துக்கொண்டேன். செல்வம் என்ற நல்ல பாடகர் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று மைக்கில் பாடுவார். குமரேசன் மேடையில் வாயை மட்டும் அசைப்பார். ஒத்திகையில் செல்வம் எல்லோருக்கும் எதிரில் உட்கார்ந்து பாடியதால் வம்பில்லை. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. சந்தேகம்தான் ஒட்டுவாரொட்டி ஆயிற்றே!

விழா தொடங்கியது. வசந்தா எங்கே பாட்டை எடுக்க வேண்டும் என்பதற்குச் செல்வம் தலையாட்டுவார். அதனால் அடிக்கடி வசந்தாவின் கண் பக்கத் திரைக்குப் போயிற்று. முதல் காட்சியில் குமரேசனும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது காட்சியில் நடுவில் போய் மறைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாமா நடிக்கிறாம்பா!" என்றார் முன்வரிசைக்காரர். நடித்தால்தானே?

கடைசிக் காட்சி. குமரேசன் கையில் அட்டைக் கத்தி. "உன் நெஞ்சில் இருப்பவன் யார்?" என்று செல்வத்தின் குரல் உருகியது. பதில் பாட வேண்டிய வசந்தா... பக்கத் திரையைப் பார்த்தார்.

போச்சு! கத்தியை வீசிவிட்டு உள்ளே பாய்ந்த குமரேசன், செல்வத்தைச் சட்டையோடு மேடைக்கு இழுத்து வந்தார்.

"இன்னாடா, என் பொண்டாட்டிக்குக் கண்ணு காட்டிகினு கீற?"

"ஐயோ நைனா... பாட்டு எடுக்கறதுக்குத் தலையாட்டினேன், அவ்ளோதான்!"

கூட்டம் விசிலடித்தது. திரையைப் போடச் சொல்லிக் கையைத் தூக்கினேன். வசந்தா தடுத்தார்.

"யாரும் திரையப் போடாதீங்க. நான் இன்னும் பாடி முடிக்கல."

'ஒரு குற்றமும் செய்யாதவள் நான்' என்று விழுந்து கிடந்து பாட வேண்டிய பாட்டு. நின்றபடியே பாடினார் — குமரேசனை நேருக்கு நேர் பார்த்து. விசில் அடங்கியது. நான் எழுதிய வரிகள்தான். எனக்கே கண் கலங்கிவிட்டது. குமரேசன் செல்வத்தின் சட்டையை விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சந்தேகப்படுகிறவனுக்குச் சாட்சி எதற்கு? பெண்டாட்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்பான்.

மேக்கப் கலைக்கும்போது வசந்தா என்னிடம் சொன்னார்: "அடுத்த வருசமும் நான் பாடுவேண்ணா. இவருக்குப் பொண வேசம் குடுத்துடுங்க. கண்ண மூடிகினு கெடக்கட்டும்."

கொடுக்கலாம். ஆனால் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்ப்பாரோ என்றுதான் எனக்குச் சந்தேகம்!