மூன்றாவது பிளக்கும் ஒரு முழங்காலும்

என் வேனுக்கு என்ன கோளாறு என்று நான் சொன்னதை மெக்கானிக் பெடியாகோ ஒருநாளும் காதில் வாங்கியதில்லை. குமாசி நகரத்தில் வேன் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து எனக்கு அந்த எரிச்சல் உண்டு.

அன்று சனிக்கிழமை. மனைவியின் மாமாவின் அடக்கத்துக்கு அவள் வீட்டாரை நான்தான் ஏற்றிப் போக வேண்டும். துக்கத்துக்கான கறுப்புத் துணி கட்டிக்கொண்டு எல்லோரும் காத்திருக்க, வேனோ இருமி இருமி உதறியது. பிந்திப் போனால் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். நேரே பெடியாகோவின் பட்டறைக்கு ஓட்டினேன்.

"பெட்ரோல்ல கலப்படம், மாஸ்டர்," என்றேன்.

பெடியாகோ சுட்ட வாழைக்காயை மென்றுகொண்டே, "டாக்டர் சொல்லிட்டாரு. சரி, ஸ்டார்ட் பண்ணு," என்றார்.

ஓடும் எஞ்சினில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். கழற்றும்போதெல்லாம் உதறல் கூடியது. மூன்றாவதைக் கழற்றியபோது மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

"வேலை செய்யாம சோறு திங்கறவன் இவன்தான்."

எஞ்சினை நிறுத்தச் சொல்லி, பிளக் குழிக்குள் விரலை விட்டார். உள்ளே தண்ணீர் நின்றது.

"வண்டியக் குளிப்பாட்டினியா?"

"நல்லபடியா போய் வரணும்னு பாஸ்டர் தண்ணிய ஜெபம் பண்ணித் தெளிச்சாரு."

"தெளிச்சாரா, வாளியோட கவுத்தாரா?"

குழியை ஊதித் துடைத்து ஒயரை மாட்டியதும் எஞ்சின் சீராக ஓடியது. நான் கிளம்பும்போது ஜன்னலில் சாய்ந்து, யாரும் கேட்காதபடி சொன்னார்:

"அந்தத் தண்ணி மிச்சம் இருந்தா கொஞ்சம் கொண்டு வாய்யா. முழங்கால் மடங்கவே மாட்டேங்குது."