பட்டவர்த்தனம் தோற்ற அரை மணி நேரம்

என் அக்காள் புருஷனுக்குப் பட்டவர்த்தனம் என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. அது இப்போது அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வாத்தியார் தன் காரை ரிப்பேருக்கு விட வந்தபோது, "கோளாறு வண்டியில இல்ல சார். நீங்க கிளட்ச் மேல காலை வெச்சுக்கிட்டுத் தூங்குறீங்க" என்று பத்துப் பேர் முன்னால் மச்சான் சொல்லிவிட்டார். "இப்படிப் பட்டவர்த்தனமாப் பேசுற மெக்கானிக்கை நான் பார்த்ததே இல்லை" என்று வாத்தியார் கத்தினார். பேர் ஒட்டிக்கொண்டது. வாத்தியார் அடுத்த வாரமே வேறு ஷெட்டுக்குப் போய்விட்டார்.

கை சுத்தமான வேலைக்காரர், அதில் சந்தேகமே இல்லை. எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் சொல்லிவிடுவார், அதுதான் வம்பு. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் புதிதாக வாங்கிய பழைய காரை ஆசையாகக் காட்ட வந்தார்கள். மச்சான் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "யாரும்மா இதை உங்க தலையில கட்டினது? முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி வேற வண்டி. நடுவுல வெல்டிங் வெச்சிருக்கான்." அந்த அம்மா புருஷனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒரு வாடிக்கை போயிற்று. இப்படிப் பத்தொன்பது வருஷம், சலவைக் கடைக்குப் பின்னால் ஒரு தகர ஷெட்டில் உட்கார்ந்து, வந்தவர்களை ஒவ்வொருவராக விரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் இடத்துக்காரர் தன் சொந்த வண்டியை ஓசியில் காட்ட வந்தார். "இதை எடைக்குப் போடுங்க" என்றார் மச்சான். மூன்றாம் மாதம் இடத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். ஷெட்டை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே ஜூஸ் கடை.

எட்டு மாதம் வீட்டில் இருந்தார். அக்கா துணி தைத்துத்தான் அடுப்பு எரிந்தது. தையல் மெஷின் சத்தம் போடுகிறது என்று அவள் சொன்னபோதுகூட, "மெஷின் நல்லாத்தான் இருக்கு, நீ மிதிக்கிறதுதான் தப்பு" என்றாராம். அன்றைக்கு அவள் என் வீட்டுக்கு வந்து நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி, உங்க கம்பெனியில ஆள் எடுக்குறாங்களாமே. இந்த மனுஷனை எப்படியாவது உள்ள தள்ளி விடுடா. வீட்டுல சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து ராத்திரி தூக்கம்கூட இல்லடா அவருக்கு."

எனக்கு என் அக்கா என்றால் உயிர். மறுநாளே மேனேஜர் காலில் விழாத குறையாகக் கேட்டு ஒரு இடம் பிடித்தேன். நான் அந்த சர்வீஸ் சென்டரில் முன் கவுண்டரில் உட்காருகிறவன். கண்ணாடிக் கதவு, ஏசி, கழுத்தில் பட்டை. கார் சொந்தக்காரர்களிடம், "சின்ன விஷயம்தான் சார், ஆனா உடனே பார்த்துடணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வது என் வேலை. நானும் மச்சானும் ஒரே தொழிலின் இரண்டு முனைகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சீனியர் மெக்கானிக் வேலை. ஐம்பது வயதுக்குள் இருக்க வேண்டும். மச்சானுக்கு அடுத்த மாதம் ஐம்பது. இது போனால் இன்னொன்று கிடையாது. எங்கள் ஊரில் பட்டவர்த்தனத்தை வேலைக்குச் சேர்க்க வேறு எந்த ஷெட்காரனுக்கும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை.

பரீட்சை இப்படி. பின் கொட்டகையில் ஒரு பழைய சாம்பல் நிறக் கார் நிற்கும். வேலை பழகுகிறவர்கள் கழற்றி மாட்டுவதற்காகவே வைத்த வண்டி. மேனேஜர் அதில் ஒரு கோளாறைச் செய்து வைப்பார். சாவி போட்டால் செல்ஃப் எடுக்கும், எஞ்சின் கரகரவென்று சுற்றும், ஸ்டார்ட் மட்டும் ஆகாது. அரை மணி நேரத்தில் ஸ்டார்ட் பண்ணினால் வேலை. அந்த வாரம் நான்கு பேர் வந்து, பேட்டரி உட்காரும் வரை செல்ஃப் அடித்துவிட்டுப் போனார்கள்.

மச்சான் துவைத்த சட்டையில் வந்தார். மேனேஜர் ஸ்டாப் வாட்சை அமுக்கினார். நான் ஓரமாக நின்றேன்.

செல்ஃபை ஒரே ஒரு தடவை அடித்துப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு சாவியைப் பாதி மட்டும் திருப்பி, பின் சீட்டுப் பக்கம் காதைக் கொடுத்தார். "பெட்ரோல் பம்ப் சத்தமே இல்லையே" என்று முணுமுணுத்துவிட்டு நேராக ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார். எரிந்துபோன ஃப்யூஸ் ஒன்றை உருவி மேனேஜர் கையில் வைத்தார். "நல்ல ஃப்யூஸை எடுத்துட்டு எரிஞ்சதைச் சொருகியிருக்கீங்க. நகக் கீறல் தெரியுது பாருங்க."

மேனேஜருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு நெஞ்சு பூரித்துவிட்டது, பக்கத்தில் நின்றவனிடம் "எங்க அக்கா வீட்டுக்காரர்" என்று சொல்லிக்கொண்டேன். புது ஃப்யூஸ் மாட்டி, சாவியைத் திருப்பினார். பம்ப் கீச்சென்று கத்தியது. எஞ்சின் சுற்றியது, சுற்றியது, ஸ்டார்ட் ஆகவில்லை.

மேனேஜர் நெற்றியைச் சுருக்கினார். "நான் வெச்சது அது ஒண்ணுதானே?"

மச்சான் அசரவில்லை. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எஞ்சின் பாடியில் வைத்துப் பிடித்து, செல்ஃப் அடிக்கச் சொன்னார். நீல நெருப்பு பளிச்சென்று அடித்தது. பிளக் நுனியை விரலால் தொட்டார், முகர்ந்தார். காய்ந்து கிடந்தது. பெட்ரோல் வந்து நனைத்த ஈரமே இல்லை. டாஷ்போர்டில் பெட்ரோல் முள் பாதியில் நின்றது. அவர் முள்ளை நம்புகிற ஆளா? சட்டை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் பின்பக்கம் போய்க் குனிந்தார்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் காருக்குத் திங்கட்கிழமை தோறும் ஐந்து லிட்டர் பெட்ரோல் ஊற்றுகிற பொறுப்பு என்னுடையது. இரண்டு மாதமாக அந்த ஐந்து லிட்டரும் என் பைக்கில்தான் ஓடிக்கொண்டிருந்தது. என்னைத் திருடன் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். கொட்டகையை விட்டு வெளியே போகாத வண்டிக்கு எதற்கு வாரா வாரம் பெட்ரோல்? முள் வேறு எந்தக் காலத்திலோ பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் கிடக்கும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

மச்சான் டேங்க்கின் வயிற்றில் விரலை மடக்கித் தட்டினார். காலிக் குடத்தின் சத்தம் வந்தது. இன்னொரு தடவை தட்டினார்.

"அங்க என்ன பண்றீங்க?" என்றார் மேனேஜர். "பெட்ரோல் எல்லாம் இருக்கும். வாரா வாரம் உங்க மச்சினர்தானே ஊத்துறாரு. என்னப்பா, ஊத்தினியா?"

போன வருஷம் பழைய எஞ்சின் ஆயிலை ஒரு டப்பாவில் வீட்டுக்கு எடுத்துப் போனதற்கு ஒருவனை அன்று மத்தியானமே வேலையை விட்டு அனுப்பியவர் இதே மேனேஜர்.

"ஊத்தினேன் சார். திங்கக்கிழமைதான் ஊத்தினேன்" என்றேன். நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை, கவுண்டரில் பழகிய நாக்கு.

மச்சான் குனிந்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துபோயிற்று. பத்துப் பேர் முன்னால் வாத்தியாரை விடாத மனுஷன், இடத்துக்காரரை விடாத மனுஷன். போச்சு, இப்போது வாயைத் திறக்கப் போகிறார், நான் தொலைந்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சரி" என்றார் மச்சான்.

அவ்வளவுதான். எழுந்து முன்பக்கம் வந்தார். பாக்கி இருந்த பதினான்கு நிமிஷமும் அவர் செய்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி ஊதினார், மாட்டினார். நன்றாக இருந்த வயர்களைப் பிடுங்கித் துடைத்தார். முடுக்கிய போல்ட்டையே மறுபடி முடுக்கினார். ஒன்றும் தெரியாத ஆள் எப்படித் தடவுவானோ அப்படித் தடவினார். வேர்வை சொட்டியது. என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சொல்லிவிடட்டும், சொல்லித் தொலைக்கட்டும் என்று ஒரு மனம் அடித்துக்கொண்டது. வாயைத் திறந்துவிடாதே சாமி என்று இன்னொரு மனம் கும்பிட்டது. இரண்டாவதுதான் ஜெயித்தது என்பதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

மேனேஜர் வாட்சை நிறுத்தினார். "என்ன கோளாறுன்னு சொல்லுங்க."

"தெரியல சார்."

அந்த வாயிலிருந்து வந்த முதல் பொய்யாக இருக்கும். "ஃப்யூஸ் வரைக்கும் நல்லா வந்தீங்க" என்று வருத்தப்பட்டபடியே மேனேஜர் தாளில் கோடு கிழித்தார்.

வீட்டுக்கு என் பைக்கில்தான் கூட்டிப் போனேன். சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"வண்டி நல்லா இழுக்குது மாப்ள."

கிண்டலா, நிஜமாகவே எஞ்சினைக் கேட்டுச் சொன்னாரா, இன்று வரை எனக்குத் தெரியாது.

"ஏன் மச்சான் சொல்லல?" என்றேன், திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல்.

"ரெண்டு குடும்பத்துல ஒருத்தனாவது வேலையில இருக்கணும்ல. ரோட்டைப் பார்த்து ஓட்டு."

அக்கா வாசலிலேயே நின்றாள். முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். பிடித்தாளே ஒரு பிடி!

"பத்தொம்பது வருஷம் எஞ்சினோட எஞ்சினாக் கிடந்தீங்களே, ஒரு ஓட்டை வண்டியை ஸ்டார்ட் பண்ணத் தெரியலையா? ஊரையெல்லாம் குத்தம் சொல்ற வாய் எங்க போச்சு இன்னைக்கு? என் தம்பி எத்தனை பேர்கிட்டக் கெஞ்சி இதை வாங்கிக் குடுத்தான்! அவன் நாளைக்கு அங்க எப்படித் தலை நிமிர்ந்து உட்காருவான்?"

மச்சான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"கல்லு மாதிரி நிக்காதீங்க. அவன்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பாவது கேளுங்க."

இப்போதாவது வெடிப்பார் என்று நினைத்தேன். வெடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவர் என் முன்னால் வந்து நின்றார். கையில் கிரீஸ் கறை போகவில்லை.

"மன்னிச்சுக்க மாப்ள. உன் பேரைக் கெடுத்துட்டேன்."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் வாய்க்காது. வாயையும் திறந்தேன்.

"பரவாயில்ல மச்சான், விடுங்க" என்றேன்.