தடாகத்து வாங்கில் முந்நூற்றிநாலு

பள்ளிக்கூடத்து நீச்சல் தடாகத்தைப் பராமரிக்கிறவனுக்கு நீந்தத் தெரியவேண்டும் என்று கனடாவில் எந்தச் சட்டமும் இல்லை. இல்லாதபடியால்தான் தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் என் வீட்டு அடுப்பு எரிந்தது. துடைப்பமும் கையுமாகப் பனிக்காலங்களைத் தள்ளிய சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

நேர்முகப் பரீட்சை

மேற்பார்வையாளர் மனுவேல் ஒரு போர்த்துக்கல்காரர். நீந்துவாயா என்று கேட்டார். காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குக் கடலை நீந்தியே பள்ளிக்கூடம் போனவன் என்றேன். புத்தகம் தலையில், சோற்றுப் பார்சல் புத்தகத்துக்கு மேலே, ஒருநாளும் சம்பல்கூட நனைந்ததில்லை என்றேன். உண்மையில் தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் எனக்கு எல்லாத் தெய்வங்களின் பெயரும் ஒரேயடியாக நினைவுக்கு வந்துவிடும்.

மனுவேல் துடைப்பத்தை நீட்டினார்: "இவ்வளவு தூரம் நீந்தினவன் களைச்சிருப்பாய். நீ கரையிலேயே நில்."

எண்ணெய்ப் போத்தல்

அந்த நாட்களில் கல்விச்சபையிடம் எதைக் கேட்டாலும் பட்ஜெட் இல்லை என்பதுதான் பதில். பூமிசாத்திரம் படிப்பிக்கிற மிஸ் கரோல், பள்ளி விட்ட பிறகு சம்பளமில்லாமல் நீச்சல் அணியைப் பழக்கினார். ஒருநாள் பாதைகளைப் பிரிக்கிற மிதவைக் கயிறு அறுந்தது. புதியது வராது என்று தெரிந்ததும், தெரிந்த வீடுகளில் எல்லாம் வெறும் நல்லெண்ணெய்ப் போத்தல் சேர்த்துக் கழுவி, நைலோன் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டேன்.

யூனியன்வில் பக்கத்திலிருந்து வசதியான அணி ஒன்று போட்டிக்கு வந்தது. அவர்களின் பயிற்சியாளர் குனிந்து என் போத்தல்களைத் தடவிப் பார்த்தார். கொழும்பிலிருந்து விசேஷமாக இறக்கியவை, அலையை உறிஞ்சிவிடும் என்றேன். அன்றைக்கென்று எங்கள் பதினோராம் வகுப்பு நிரோஷா, வண்ணத்துப்பூச்சி நீச்சலில் அவர்களின் கெட்டிக்காரியை முந்திவிட்டாள். போகிற வழியில் அந்த மனிசன் என்னைத் தனியே இழுத்தார்: "எங்களுக்கும் ஒரு செட் எடுத்துத் தருவீங்களோ?"

சும்மா கிடைத்த சூடு

நிரோஷாவின் தாய் புஷ்பம் இரவு வேலைக்குப் போகிற வழியில் மகளின் பயிற்சியைப் பார்க்க வருவார். வந்து பார்வையாளருக்கான நீட்டு மர வாங்கில் சாய்ந்ததும் நித்திரை. குறை சொல்ல முடியாது. வெளியே காது கழன்று விழுகிற குளிர், உள்ளே சித்திரை மாதத்து வெக்கை. இப்படி ஒரு சூடு சும்மா கிடைக்கிறது என்ற செய்தி பக்கத்து அடுக்குமாடியில் பரவியது. நான்தான் பரப்பினேன் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை.

முதலில் முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டம் ஆடுகிற செல்லத்துரை அண்ணையின் கோஷ்டி வந்து குந்தியது. பிறகு சேலை விற்கிற அன்ரி, அவருக்குப் பின்னால் ஒரு கலியாணத் தரகர். ஒருவர் மோர்மிளகாய் காயப்போடலாமா என்று என்னிடம் அனுமதி கேட்டார். இத்தனை பேரும் நீச்சல் ரசிகர்கள் என்று நம்பி மிஸ் கரோல் கண் கலங்கிய அதே மாலையில், செல்லத்துரை அண்ணை என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்: "தம்பி, உவையள் தண்ணிக்கை காலடிக்கிற சத்தத்திலை ஆர் என்ன சீட்டுக் கேக்கிறான் எண்டு விளங்குதில்லை. கொஞ்சம் ஆறுதலா நீந்தச் சொல்லும்."

சபையிலிருந்து வந்தவர்

ஆள் புழங்காத தடாகங்களைப் பூட்டப்போவதாகச் சபை அறிவித்தது. பார்த்து முடிவெடுக்க ஒருவர் வருவார். பூட்டினால் நிரோஷா காசு கட்டித்தான் வேறிடத்தில் பழகவேண்டும். தகப்பனுக்குத் தூரத்துப் பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை. வீட்டிலிருந்த ஒரே காரும் அவரோடு போய்விடும். நகரப் போட்டியில் ஏதாவது பல்கலைக்கழகப் பயிற்சியாளரின் கண்ணில் படலாம் என்ற அவள் கனவு அத்தோடு சரி.

நான் வாங்குக்காரருக்கு ஓதி வைத்தேன்: துடைப்பத்தைத் தூக்கினால் எல்லாரும் எழும்பிக் கைதட்ட வேண்டும். கழுத்தில் ரை கட்டிய சபைக்காரர் வந்தார். தூக்கினேன். ஒருவரும் திரும்பவில்லை. துடைப்பத்திலிருந்து என் தலையில் தண்ணீர் வடிந்ததுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்துச் செல்லத்துரை அண்ணைக்குக் கம்மாறிசு விழுந்தது. அதாவது எல்லாப் பிடியும் அவர் பக்கம். கோஷ்டி முழுக்க எழும்பிக் கத்தியது, சேலை அன்ரி ஏனென்று தெரியாமலே கைதட்டினார், அதே கணம் நிரோஷா சுவரைத் தொட்டாள். புஷ்பம் திடுக்கிட்டு விழித்து, "பிள்ளை வெண்டிட்டாளே?" என்றார். சபைக்காரர் உருகிப்போய் மிஸ் கரோலிடம் சொன்னார்: "வெறும் பயிற்சிக்கே இவ்வளவு உணர்ச்சியா. இதைப் போய் எப்படிப் பூட்டுறது?"

அமைதி

நகரப் போட்டி எற்றோபிக்கோ என்ற இடத்தில். பஸ்ஸுக்குப் பட்ஜெட் இல்லை என்றபடியால் சீட்டுக் கோஷ்டியின் கார்களில்தான் அணி போனது. காலையில் நிரோஷா மட்டுமட்டாகத்தான் இறுதிச் சுற்றுக்குள் தப்பி வந்தாள். மண்டபம் தேவாலயம் போல அடங்கிக் கிடந்தது. துவாயைப் போர்த்துக்கொண்டு நடுங்கியபடி எங்களிடம் மேலே ஏறி வந்தாள். "இட்ஸ் டூ குவயற், அங்கிள். சீட்டு விளையாடச் சொல்லுங்கோ. இந்த அமைதியிலை எனக்குக் கை வருகுதில்லை."

செல்லத்துரை அண்ணையின் கோட்டுப் பொக்கற்றில் சீட்டுக்கட்டு இல்லாத நாளே கிடையாது. கோஷ்டி குந்தியது, சீட்டுக் கேட்டது, சண்டை பிடித்தது. பக்கத்து வாங்குக்காரர்கள் முறைத்தார்கள். ஆனால் நீச்சலின் கடைசித் திருப்பத்தில் சீட்டை முதலில் போட்டுவிட்டு எழும்பியவர் செல்லத்துரை அண்ணைதான். நிரோஷா இரண்டாவதாகத் தொட்டாள். புஷ்பம் முதன்முறையாக, கண் மூடாமல், மகள் நீந்தி முடித்ததைப் பார்த்தார். கீழே தொப்பி போட்ட பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஒருவர் மிஸ் கரோலின் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தார். செல்லத்துரை அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாங்குக்கடியில் சிதறிக் கிடந்ததைப் பொறுக்கத் தொடங்கினார்: "சென்மத்துக்கும் வராத சீட்டு வந்தது தம்பி, உந்தப் பெட்டையாலை எல்லாம் கொட்டுண்டு போச்சு."

ஆகவே, சக பாவிகளே, ஒரு தடாகத்தைத் திறந்து வைத்திருக்கப் பட்ஜெட்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: சூடான வாங்கும் ஒரு கட்டுச் சீட்டும், நீந்தத் தெரியாத ஒரு பொய்யனும் போதும்.