கஷ்டம் சொல்ல வந்தவர் போட்டிருந்த கோட்டு

நியூசிலாந்தில், ஓக்லாந்தில் ஒரு வங்கியின் ஹார்ட்ஷிப் டெஸ்க்கில் பல வருடம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலை போய், நோய் வந்து, வீட்டுக் கடன் கட்ட முடியாதவர்கள் எங்களிடம்தான் வருவார்கள். அவர்கள் கடனை மாற்றி எழுதித் தரக் கேட்கலாம், வங்கி அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் வங்கி அதில் ஒரு வித்தை வைத்திருந்தது. வந்தவர் தன்னால் கட்ட முடியாது என்று நிரூபிக்க வேண்டும். கொஞ்சம் குறைத்தால் கட்ட முடியும் என்றும் நிரூபிக்க வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவருக்கு வீடு மிஞ்சும். தெரியாதவரின் வீட்டை வங்கியே ஏலத்தில் விற்றுவிடும்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அன்ரன் அண்ணையின் கதை உதவும்.

1. கோட்டு

மன்னார்க்காரர். மனுரேவாவில் வெயர்ஹவுஸ் வேலை, பாட்டனி டவுன்ஸில் வீடு. வெயர்ஹவுஸை மூடிவிட்டார்கள். தவணை நின்று ஏல நோட்டீஸும் போய்விட்டது. எங்களுடனான சந்திப்புதான் அவருக்குக் கடைசி வழி. அதற்கு மனிதர் கோட்டுப் போட்டு, டை கட்டி, பளபளக்கும் பெரிய காரில் வந்து இறங்கினார். பின்னால் அவர் மனைவி ரஞ்சினி, பட்டுச்சேலையும் கை நிறைய வளையலுமாக. கலியாண வீட்டுக்கு வழி தவறி வந்துவிட்டார்களோ என்று நினைத்தேன்.

என் மனேஜர் டெபி நல்லவள், ஆனால் கண்ணால் பார்ப்பதை மட்டும் நம்புபவள். "ஹவ் ஆர் திங்ஸ்?" என்றாள்.

"ஆல் குட், நோ ப்ராப்ளம்!" என்றார் அண்ணை.

டெபி பேனாவை மூடினாள். பிரச்சினை இல்லாதவருக்கு ஹார்ட்ஷிப் எதற்கு?

அவர் பக்கம் திரும்பினேன். தமிழில் சொன்னேன்: "அண்ணை, இஞ்ச கஷ்டத்தைச் சொன்னாத்தான் உதவி கிடைக்கும்."

"இல்லாதவனுக்கு எந்த பாங்க் குடுத்தது, தங்கச்சி?" என்றவர், குரலைத் தாழ்த்தி, "நீங்கள் எங்கட சனம் இருக்கிற லின்ஃபீல்ட் பக்கமோ? எந்தச் சேர்ச்சுக்குப் போறனீங்கள்?" என்று கேட்டார்.

வீடு போவதைவிட அது சேர்ச்சுக்குத் தெரிவது அவருக்குப் பெரிய பயம். கோபம் வந்தது எனக்கு. ஆனால் அவர் சொன்னதும் பொய்யில்லை. வசதியாகத் தெரிந்தவனுக்குத்தான் ஊரில் கடன் கிடைத்தது.

2. வளையல்

ரஞ்சினி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி டெபியின் மேசையில் வைத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இது முழுக்கக் கவரிங், மிஸ். உண்மையானதை வித்துத்தான் கடைசியாக் கட்டின தவணையும் கட்டினது. கார் என்ர தம்பியின்ர. இவருக்கு வேலை இல்லை. நான் கடையில கூட நேரம் நிக்கிறன், பாதி கட்டுவம். இதைச் சொல்லுங்கோ அவவுக்கு."

சொன்னேன். இரண்டு நிரூபணமும் ஒரே மூச்சில் வந்துவிட்டது. அண்ணை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெபி பேனாவைத் திறந்தாள்.

ஏலம் நின்றது. தவணை குறைந்தது, கடன் காலம் நீண்டது. அத்தனை வருடமும் கூடுதல் வட்டி வாங்கப்போகும் வங்கி, அதற்குக் கருணை என்று பெயர் வைத்தது.

3. பிறகு

அடுத்த வருடம் ஒரு கலியாண வீட்டில் அதே கோட்டைக் கண்டேன். உள்ளே அண்ணை, சுற்றிலும் ஆட்கள்.

"பாங்கே என்னைக் கூப்பிட்டு ரீஃபைனான்ஸ் செய்து தந்தது. எங்கட ரெக்கோர்ட் அப்பிடி!"

என்னைக் கண்டதும் வாய் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓம், அண்ணையை பாங்கில எல்லாருக்கும் தெரியும்" என்றேன்.

புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கோட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கூட வந்திருக்கும் மனைவியிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்.

அன்று கலியாண வீட்டிலிருந்து கிளம்பும்போது ரஞ்சினி வந்து என் கையைப் பிடித்தார். அதே கவரிங் வளையல்கள்.

"இன்னும் அந்த வீட்டிலதான் இருக்கிறம், மிஸ்" என்றார்.