அட்டிகளுக்கு நடுவே ஒரு வழி

நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன மில்லில் குடோன் என் பொறுப்பு. நான் எட்டாவதோடு நின்றவன். மகள் ஆடிட்டருக்குப் படிக்கிறாள்.

அதற்குக் காலேஜ் போனால் போதும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. பன்னிரண்டு முடித்து ஒரு பரீட்சை. அதற்கு மேல் இன்னொன்று, இரண்டு பிரிவாக. அதில் ஒரு பிரிவு போய், மறுபடி எழுதித் தேறினாள். பிறகு ஒரு ஆடிட்டரிடம் சேர்ந்து வேலை பழக வேண்டும். கடைசிப் பரீட்சை அதற்கப்புறம்தான்.

சேலத்தில் சேர்ந்தாள். ஹாஸ்டலில் இருக்கிறாள். பஸ் ஏறினால் வந்துவிடலாம், ஆனால் வருவதில்லை. பகலெல்லாம் ஆபீஸ், மிச்ச நேரம் படிப்பு.

மார்ச் கடைசியில் மில்லுக்கு ஸ்டாக் எண்ண ஆடிட்டர் ஆபீஸ் ஆட்கள் வருவார்கள். இந்த வருஷம் வருவது மகள் இருக்கும் ஆபீஸ் என்று மேனேஜர் சொன்னார். நான் அவளிடம் கேட்கவில்லை. வரட்டும் என்றிருந்தேன்.

மக்காச்சோள மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரோடு நெருக்கி அட்டி போடுவது வழக்கம். பின்வரிசையை எண்ண மேலே ஏற வேண்டும். அவள் ஏற வேண்டாம் என்று, அட்டிகளுக்கு நடுவே ஒரு ஆள் நடக்க வழி விடச் சொன்னேன். லோடுமேன் சிரித்தார்.

“ஏனுங்கண்ணா, புள்ள மூட்டை எண்ண வருதா, இல்ல பொண்ணு பாக்க வாராங்களா?”

அன்றைக்குத் துவைத்த சட்டை போட்டுப் போனேன். காரில் இரண்டு பையன்கள் வந்து இறங்கினார்கள். வேறு யாரும் இறங்கவில்லை. அந்த வழியில் நடந்து எண்ணினார்கள். எண்ணச் சுலபமாக இருக்கிறது என்றார்கள்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். அந்த குடோன் தன் அப்பா பொறுப்பு என்று ஆபீஸில் அவளாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவளை எடப்பாடியில் ஒரு துணி குடோனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“நீங்க பொறுப்பா இருக்கற எடத்துல நான் எண்ணக்கூடாதுங்கப்பா. சரியா எண்ணுனாலும் யாரும் நம்ப மாட்டாங்க.”

“செரி சாமி.”

“வருத்தமுங்களாப்பா?”

“சாப்டியா?” என்றேன்.

சாப்பிட்டதாகச் சொன்னாள்.

அவள் செய்தது சரி. எனக்கு அவள் வேலை செய்வதை ஒரு தடவை நின்று பார்க்க வேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான்.

மறுவாரம் மக்காச்சோள லாரி வந்தது. இறக்க இடம் போதவில்லை. அந்த வழியை அடைத்துவிடலாமா என்று லோடுமேன் கேட்டார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அடைக்கச் சொல்லிவிட்டு லாரிப் பக்கம் போனேன்.