மேல்கோட்டில் தைத்திருந்த பெயர்

"ஒரு பாவமும் அறியாத ஆளோட பேரு வந்துட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தன்னிடம் அத்துமீறியவனின் பெயரை ஒரு பெண் இணையத்தில் போட்டுவிட்டால் போதும், அதுவரை எதற்கும் வாய் திறக்காதவர்கள் எல்லாம் இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கேள்வியில் தப்பில்லை. கேட்கிறவர்களில் ஒருவர்கூட அப்படி ஒரு ஆளை நேரில் பார்த்ததில்லை, அதுதான் என் எரிச்சல். நான் பார்த்திருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். கார்களுக்குள் வைக்கும் சின்னச் சின்ன மின்பலகைகளைச் செய்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு லைன் வேலை. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமோ சான்றிதழோடு வந்து இறங்கியிருந்தேன். என் அறைத் தோழிக்குச் சங்கரன்கோவில் பக்கம். இரண்டு பேருக்கும் இருபத்தொரு வயது. அவளுக்குப் பேச்சும் அதிகம், தூக்கமும் அதிகம். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த கையோடு என் தோளில் சாய்ந்துவிடுவாள். கேட் வந்ததும் எழுப்பினால், அதற்குள்ளாகவா வந்துவிட்டது என்று என்னையே முறைப்பாள்.

உள்ளே போகுமுன் எல்லோரும் வெளிர்நீல மேல்கோட்டு மாட்ட வேண்டும். தலைக்குக் குல்லா, வாய்க்கு மாஸ்க், கைக்கு உறை. எல்லாம் மாட்டி முடித்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அதனால் கோட்டின் நெஞ்சுப் பையில் ஒரு துண்டுத் துணியில் பெயரைப் போட்டுத் தைத்திருப்பார்கள். லைனில் நாங்கள் முகத்தைப் பார்த்து யாரையும் கூப்பிட்டதில்லை, பையைப் பார்த்துத்தான் கூப்பிடுவோம். ஒருத்தியின் கோட்டை இன்னொருத்தி மாட்டினால் மெமோ. துவைக்கப் போன தன் கோட்டு வரவில்லை என்று பக்கத்துக் கொக்கியில் தொங்கியதை மாட்டிக்கொண்டு வந்த ஒரு பெண்ணை, மொத்த லைனும் பார்க்க நிற்க வைத்துத் திட்டினார்கள். அதன்பிறகு கோட்டில் என்ன பெயரோ, உள்ளே இருப்பதும் அந்த ஆள்தான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

ஒரு நாள் காலை ஷிஃப்டில் அவளை ஸ்டோருக்கு அனுப்பினார்கள், ஏதோ பாகம் தீர்ந்துவிட்டது என்று. ஸ்டோரின் கடைசி வரிசை ரேக்குக்குப் பின்னால் ஒருவன் வந்து அவள் வாயை உறை போட்ட கையால் பொத்தினான். அதற்குப் பிறகு நடந்ததை அவள் எனக்குச் சொன்னாள், நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. திமிறியதில் ஒரு தட்டு சரிந்து பெரிய சத்தம் கேட்டது. அவன் கையை எடுத்துக்கொண்டு அவசரமே இல்லாமல் நடந்து போனான். திரும்பும்போது நெஞ்சுப் பையில் இருந்த பெயரை அவள் படித்துவிட்டாள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் தூங்கவில்லை.

மறுநாள் இரண்டு பேரும் எச்.ஆர். அறைக்குப் போனோம். அங்கே இருந்தது ஒரு மேடம். பெண்தானே, புரிந்துகொள்வார் என்று நான் சந்தோஷப்பட்டதை இப்போது நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், எல்லாவற்றையும் கேட்டார். இவள் அவன் பெயரைச் சொல்ல வாயெடுத்ததும் கையை உயர்த்தித் தடுத்தார்.

"பேரெல்லாம் வேணாம்மா."

பெயரைச் சொன்னால் எழுத வேண்டி வரும், எழுதினால் மேலே போகும், மேலே போனால் போலீஸ் வரும், போலீஸ் வந்தால் உன் வீட்டுக்குத் தெரியும் என்று அடுக்கினார். யாராயிருந்தால் என்ன, இனிமேல் நீ ஸ்டோர் பக்கமே போக வேண்டியிராது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பார்த்துக்கொண்டார். அடுத்த நாளே இவளை லைனிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். பேக்கிங்குக்குப் போனால், லைனில் நிற்பவர்களுக்குச் சம்பளத்துக்கு மேல் தருகிற படி கிடையாது. தப்புச் செய்தவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, இவளுக்குத் தண்டனை கிடைத்தது. காதும் காதும் வைத்த மாதிரி காரியத்தை முடித்துவிட்ட திருப்தியோடு அந்த மேடம் எங்களைப் பார்த்துச் சிரித்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த பிரவுசிங் சென்டருக்குக் கிளம்பினாள். அப்போது எல்லோரும் கணக்கு வைத்திருந்த ஒரு இணையதளம் இருந்தது, இப்போது அது இல்லை. எங்கள் கம்பெனிப் பிள்ளைகள் அதில் ஒரு குழு வைத்திருந்தார்கள். பிறந்தநாள் வாழ்த்து, கிரிக்கெட் மேட்ச் போட்டோ, ரூமில் ஒரு ஆளுக்கு இடமிருக்கிறது, இப்படித்தான் அதில் ஓடும். அதில் எழுதப் போகிறேன் என்றாள். நான் பயந்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசி என்றேன்.

"நான் பேரச் சொல்லத்தான் போனேன். கேக்க மாட்டேன்னுட்டாவ. கேக்கவங்ககிட்ட சொல்லுதேன்," என்றாள்.

ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிற காலம் அது. நடந்தது என்ன, எந்த இடத்தில், பையில் இருந்த பெயர் என்ன, எல்லாவற்றையும் போட்டாள். கீழே தன் பெயரையும் முழுதாகப் போட்டாள். உன் பெயர் எதற்கு என்று அவள் கையைப் பிடித்தேன். அவன் பெயரைப் போட்டுவிட்டு நான் ஒளிந்துகொண்டால் நன்றாகவா இருக்கும் என்று கையை உதறினாள்.

திங்கட்கிழமைக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரோ அதைப் பிரிண்ட் எடுத்து ஆண்கள் பக்கக் கேன்டீன் சுவரில் ஒட்டினார்கள். பஸ்ஸில் எங்களுக்கு முன்சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பையன் நல்ல பையனாச்சே என்றார்கள் சிலர். இவளுக்கு எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வீட்டுக்கார அம்மா மட்டும் கேட்டார், அதுவும் இப்படி: "இன்னாத்துக்குமா இந்த வம்பு? கொஞ்ச நாள் போனா தானா மறந்து பூடும்." யாருக்கு மறந்துபோகும் என்பதை அவர் சொல்லவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு காலையில்தான் அவர் வந்து நின்றார். குழாயில் தண்ணீர் வருகிற நேரம், வாசல் முழுக்கக் குடங்கள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், டெக்னீஷியன், எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பெயரைச் சொன்னதும் நான் கதவைப் பிடித்துக்கொண்டேன், சாத்திவிடலாம் என்று. என் தோழி நகரவில்லை. அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். நிலைப்படியில் தலை இடிக்காமலிருக்க அவர் குனிந்தே நின்றுகொண்டிருந்தார்.

"இவரு இல்லட்டி," என்றாள் என்னிடம். "அவன் என் ஒசரந்தான் இருந்தான்."

அது நடந்த வாரம் தனக்கு இரண்டாவது ஷிஃப்ட் என்றும், அந்த நேரத்தில் அறையில் தூங்கிக்கொண்டிருந்ததாகவும் அவர் சொன்னார். அவர் கோட்டு ஆண்கள் உடைமாற்றும் அறையில் கொக்கியில் தொங்கியிருக்கிறது. ஆபீஸ்காரர்களுக்கென்று தனிக் கோட்டு கிடையாதாம். எப்போதாவது உற்பத்திப் பக்கம் வருபவர்கள் போட்டுக்கொள்ள கேட்டருகே சில பொதுக் கோட்டுகள் தொங்கும், யாரும் அவற்றைத் துவைப்பதில்லை, நாறும். அதனால் கீழே வருகிற ஆபீஸ்காரர்கள் அடுத்த ஷிஃப்ட் பையன்களின் துவைத்த கோட்டில் ஒன்றை உருவி மாட்டிக்கொண்டு வருவார்களாம். ஆண்கள் பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பெண்கள் பக்கம் எங்களுக்கு மெமோ. எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கிருந்த குடத்தை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.

அவருடைய நிலைமை மோசம்தான். அதை நான் மறைக்கவில்லை. அறையில் உடனிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். செய்தி ஊர்வரைக்கும் போய், அவர் அம்மா போன் செய்து நிசமா என்று கேட்டிருக்கிறார். செய்யாத ஒன்றுக்கு அவர் பெயர் அந்தச் சுவரில் ஒட்டியிருந்தது. அது அநியாயம். எப்படித் திருப்பிப் போட்டாலும் அநியாயம்தான்.

"எடுத்துருதேன் அண்ணே, இன்னைக்கே. மன்னிச்சிருங்க," என்றாள் அவள். பிறகு கேட்டாள், "அன்னைக்கு ஒங்க கோட்ட எடுத்தது யாரு?"

அவர் குடங்களைப் பார்த்தார். தெரியாது என்றார். தெரியாதவர் முகம் அப்படி இருக்காது. நிசமாகவே தெரியாதா என்று நான் குறுக்கே கேட்டேன்.

"என் கன்ஃபர்மேஷன் பேப்பர்ல அவருதான் கையெழுத்துப் போடணும் தங்கச்சி," என்றார்.

அவர் பிரிவில் நிரந்தரம் செய்யும் தாளில் கையெழுத்துப் போடுகிற அதிகாரமுள்ளவர்கள் மூன்று பேர். மூன்றில் யார் என்று எவ்வளவோ கேட்டேன். அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை. "அவரு" என்று மரியாதையாகச் சொன்னாரே, அது இன்றைக்கும் என் காதில் எரிகிறது.

என் தோழி சத்தம் போடவில்லை. "ஒங்க பேரு தப்பா வந்ததுக்கு நீங்க இவ்வளவு தூரம் வந்து நிக்கிய. எனக்கு நடந்ததுக்கு ஒரு ஆளும் வரல. வந்த ஒங்களுக்கும் தெரிஞ்ச பேரச் சொல்ல முடியல. போயிட்டு வாங்க அண்ணே," என்றாள். அவர் தலைகுனிந்து போனார்.

மூன்று பெயரையும் போட்டுவிடு என்றேன் நான். என் ஆத்திரம் அப்படி. ஒருவன் செய்தவன், மற்ற இரண்டு பேரும் அவன் கூடச் சேர்ந்து காபி குடிக்கிறவர்கள், கொஞ்சம் வேகட்டும் என்று கத்தினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "ரெண்டு பேரு செய்யாதவங்கட்டி," என்றாள். நியாயம் பேசுகிறவர்கள் அத்தனை பேரிடமும் நான் காட்ட விரும்புவது அந்த முகத்தைத்தான். அடிபட்டவளுக்கு இருந்த நிதானம் அந்தக் கம்பெனியில் வேறு யாருக்கும் இல்லை.

அன்றே போய் அவர் பெயரை எடுத்தாள். கோட்டைப் பார்த்துத் தவறாக எழுதிவிட்டேன், இவர் இல்லை, இவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன், ஆனால் எனக்கு நடந்தது நடந்ததுதான் என்று எழுதினாள். முதல் பாதியை எல்லோரும் படித்தார்கள். பார்த்தாயா, பொய்தானே என்றார்கள். இரண்டாம் பாதியைப் படித்தவர்கள் யாரையும் நான் சந்திக்கவில்லை.

மேடம் எங்களை மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை பேனாவைத் திறந்து வைத்திருந்தார். எழுதியது யார், கூட இருந்தது யார், எந்த சென்டர், யார் தூண்டிவிட்டது, எல்லாப் பெயரும் வேண்டியிருந்தது அவருக்கு. அன்று ஒரே ஒரு பெயரைக் காதில் வாங்கியிருந்தால், அந்த ஆள் இரண்டாவது ஷிஃப்ட் ஆயிற்றே என்று அங்கேயே தெரிந்திருக்கும். அவருடைய கோட்டை யார் எடுத்தது என்று கேட்டிருந்தால், வாசலில் சொல்ல முடியாததை அந்த டெக்னீஷியன் மேடத்திடமாவது சொல்லியிருக்கலாம். பாவப்பட்ட ஒருவர் பெயர் சுவருக்கே போயிருக்காது. இதை நான் அப்போதே மேடத்திடம் சொன்னேன். உங்களுக்கு வாய் ரொம்ப நீளம் என்றார்.

இவளுடைய கான்ட்ராக்டை அந்த மாதத்தோடு முடித்துக்கொண்டார்கள். அந்த டெக்னீஷியன் நிரந்தரமானார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அவர்மேல் எனக்கு இரக்கமும் உண்டு, கோபமும் உண்டு, இரண்டும் ஒன்றையொன்று குறைக்கவில்லை. அந்த மூன்று பேரில் ஒருவன் இன்றைக்கும் எங்கேயோ ஒரு நாற்காலியில், தன் பெயர் சுத்தமாக, உட்கார்ந்திருப்பான்.

கடைசி நாள் கோட்டைத் திருப்பிக் கொடுக்க ஸ்டோர் ஜன்னலுக்குப் போனோம். ஜன்னலில் இருந்தவர் உள்ளூர்க்காரர். இவள் கோட்டை அவரிடம் நீட்டவில்லை. பேக்கிங்கில் டேப் வெட்டக் கொடுத்த பிளேடைப் பையிலிருந்து எடுத்து, நெஞ்சுப் பையில் பெயர் தைத்திருந்த துண்டின் நூலை ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பித்தாள். பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவள் அவசரப்படவில்லை.

"இன்னாமா பண்ணிகினு கீற? கம்பெனி கோட்டு அது," என்றார் அவர்.

"கோட்டு கம்பெனியோடது அண்ணே, எடுத்துக்கிடுங்க," என்று அதை ஜன்னலுக்குள் தள்ளினாள். துண்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டாள். "பேரு என்னோடது. இதுக்குள்ள யாரும் ஒளிஞ்சிக்கிடக் கூடாது."